காவிரியில் முழுகிய ஆர்க்கிட்

மைசூரு சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டிக்கும் முட்டைக்கும் நடுவே பூச்செடி விற்கிறார்கள். ஊதாப் பூக்களோடு நின்ற ஓர் ஆர்க்கிட்டைத் தூக்கிப் பார்த்தேன். தொட்டியில் மண்ணே இல்லை. ஈரப் பாசியை அடைத்திருந்தார்கள். திருவாரூர்ப் பக்கத்து வயல்காரர் மகனான எனக்கு அது செடிக்கு இழைத்த அநீதியாகப் பட்டது. வாங்கி வந்து, வண்டல் மண்ணும் சாணியும் போட்டு நட்டு, இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினேன்.

இதில் என் குற்றம் பாதிதான். காவிரி வருமா வராதா என்று வாய்க்கால் கரையில் நின்று பார்த்தே வளர்ந்தவன் நான். ஆடி நெருங்கினால் அப்பாவுக்கு மேட்டூர் அணையைத் தவிர வேறு பேச்சு இருக்காது. இங்கே என்னடாவென்றால், வாடகை வீட்டுக் குழாயைத் திருகினால் அதே காவிரி கொட்டுகிறது. மூட மனம் வருமா? ஊருக்கு வராத தண்ணீரையெல்லாம் ஒரே தொட்டியில் வசூலித்துவிட்டேன். பூ உதிர்ந்தது, இலை மஞ்சளாகித் தொங்கியது.

"டெல்டாக்காரரு செடி வளத்த லட்சணமாக்கும். தூக்கிப் போடுங்க," என்றாள் மனைவி கலா.

எப்படிப் போடுவது? ஆபீஸ் முழுக்க என்னைப் பரம்பரை விவசாயி என்று பீற்றி வைத்திருந்தேன். செடி போனால் அந்தப் பெயரும் போகும். வீடியோக்களைப் பார்த்ததில், அது மரத்தைப் பற்றி வாழும் செடி, வேருக்குக் காற்று வேண்டும் என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் உட்கார்ந்து மண்ணை உதறி, அழுகிய வேர்களைக் கத்தரித்து, வெட்டிய இடத்தில் கறி மசாலாவுக்குப் போடும் பட்டைத்தூளைத் தடவினேன். பக்கத்தில் தேங்காய் மட்டைத் துண்டுகளும், இஸ்திரிக் கடையில் வாங்கிய அடுப்புக்கரியும் இருந்தன.

வீட்டுக்காரர் சென்னப்பா படியேறி வந்து, கரியையும் வெட்டிப்போட்ட துண்டுகளையும் பார்த்தபடி நின்றார்.

"சார், நம்ம மனேல நான்வெஜ் பேடா, வேண்டாம்னு மொதல்லயே சொன்னேன்ல?"

"ஐயோ, இது ஆர்க்கிட்டு சார்." வேரைத் தூக்கிக் காட்டினேன்.

குனிந்து முகர்ந்தார். "பட்டை போட்டிருக்கீங்க?"

"மருந்து சார்."

"உப்பு?"

"போடல சார்."

"அப்போ சரி," என்று இறங்கிப் போனார்.

மட்டையும் கரியும் போட்டு நட்ட பிறகுதான் உண்மையான சோதனை. மட்டை காயும்வரை தண்ணீர் கூடாது. நான் குழாய்ப் பக்கம் நடந்தாலே கலா முறைப்பாள். கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். முதலில் ஓர் இலை வந்தது. அப்புறம் வேர்கள். அடுத்த தசராவுக்கு ஊதாப் பூக்கள் வரிசையாக நின்றன.

கொலு பார்க்க வந்த சொந்தக்காரர்களையெல்லாம் சென்னப்பா எங்கள் ஜன்னலுக்கே அழைத்து வந்தார். "இவ்ரு தமிழ்நாடு ரைத்தரு," என்று, கணினி தட்டும் என்னை விவசாயியாக்கி அறிமுகம் செய்தார். நான் மறுக்கவில்லை. எவ்வளவு தண்ணீர் ஊற்றுவீர்கள் என்று ஓர் அம்மாள் கேட்டார்.

"ஊத்தாம இருக்கறதுதாம்மா வித்தை," என்றேன். உள்ளே கலா இருமினாள்.

தீபாவளிக்கு ஊருக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டுவதாக இருந்தேன். தொட்டியைத் தூக்கினால் வரவில்லை. புது வேர் ஒன்று ஜன்னல் கம்பியைச் சுற்றி, பசை வைத்தது போல் ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் ஒடியும். செடி என்னுடையது, கம்பி சென்னப்பாவுடையது. தொட்டியை மெல்ல இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஜன்னலும் சேர்ந்து விழும்படி ஒரு படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.