கேட்டால் ஹோட்டல் என்று சொல்

துணியறை அக்கா. பிறப்பு 1958, இறப்பு 2021.

பெரியதொரு மருத்துவமனையின் துணியறைக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொறுப்பாளராக இருந்தவர். படுக்கை விரிப்புகள், தலையணை உறைகள், அறுவை அரங்கின் பச்சைத் துணிகள் யாவும் சலவைக்குப் போவதும் திரும்புவதும் அவர் கண்முன்னால்தான் நடக்கும். கிழிந்த விரிப்பு ஒன்று அவர் மேசைக்கு வந்தால் அதன் நல்ல பாகம் தலையணை உறையாகும். மிச்சம் குழந்தைகள் பிரிவுக்கு அணையாடையாகும். அதிலும் மிஞ்சியது தரை துடைக்கும். "அக்கா கையில சிக்கின துணி, நூலாப் போற வரைக்கும் ரிட்டயர் ஆகாது" என்று வார்டு உதவியாளர்கள் கேலி பேசுவார்கள். அக்காவின் காதில் அது பாராட்டாகவே விழும்.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. தம்மைவிட வெகு இளையவளான ஒரே தங்கையைப் படிக்கவைத்து ஆளாக்கினார். தங்கையின் கணவர் காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தர். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்பவர். அவர்களுடைய இரு குழந்தைகளில் மூத்தவள் 2009இல் ஆறு வயதுச் சிறுமி. அவள் பேசத் தொடங்கினால் வீட்டில் வானொலி தேவையில்லை என்பதால் வாயாடி என்றே அழைக்கப்பட்டாள். இளையவன் அப்போதுதான் நடை பழகியிருந்தான். பெரியம்மாவின் மடியில் யார் உட்காருவது என்பதில் இருவருக்கும் தினமும் வழக்கு நடக்கும்.

அந்த ஆண்டு பள்ளி விடுமுறையில் அந்தக் குடும்பம் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் புறப்பட்டது. பூங்காவுக்குள்ளேயே ஏரிக்கரையில் ஒரு ஹோட்டல் இருந்தது. அங்கே தங்க வேண்டும் என்பது தங்கையின் ஆசை. அக்கா அதன் வாடகையைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"கண்ணை மூடித் தூங்குறதுக்கு இவ்வளவு காசா? தூக்கத்துல ஏரி தெரியுமா உனக்கு?"

"ஒரு தடவைதானே அக்கா போறோம்."

"ஒரு தடவைன்னாலும் பணம் பணம்தான். வெளிய ரூம் எடுப்போம். மாப்பிள்ளை, நீங்க என்ன சொல்றீங்க?"

"சரிங்கக்கா" என்றார் அவர். அத்தோடு அந்தக் கூட்டம் கலைந்தது.

பூங்காவைச் சுற்றிச் செல்லும் பெருஞ்சாலையில், ஒரு டயர் கடையின் மாடியில் அக்கா அறை பிடித்தார். கதவில் 12 என்று வெள்ளைச் சாயத்தால் எழுதியிருந்தது. சுவரில் ஈரம் கோத்திருந்தது. கீழிருந்து ரப்பர் வாடை ஏறி வந்தது. ஆனால் ஐவரும் நீட்டிப் படுக்க இடமிருந்தது, ரொட்டி சுட்டுக்கொள்ள ஓர் அடுப்பும் இருந்தது. வீட்டிலிருந்து கொண்டுபோன விரிப்புகளை அக்கா தம் கையாலேயே மூலை மடித்து விரித்தார்.

இடைஞ்சல் ஒன்றுதான். பூங்கா வாயிலுக்கும் டயர் கடைக்கும் இடையே நகரப் பேருந்து எப்போதாவதுதான் வரும். வாடகை வண்டி பிடித்தால் அறையில் மிச்சம்பிடித்தது அதிலேயே போய்விடும். ஆனால் ஹோட்டல் தன் விருந்தினருக்காக வாயிலுக்கும் ஹோட்டலுக்கும் இடையே இலவசப் பேருந்து ஒன்றை ஓட்டியது. பெருஞ்சாலை வழியாக ஏரியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்ததால் அது டயர் கடையைக் கடந்தே சென்றது. ஹோட்டல் பணியாளர்களை ஏற்றி இறக்க அந்த முனையில் நிற்கவும் செய்தது. ஓட்டுநர் அட்டை எதுவும் பார்ப்பதில்லை. "ஹோட்டலா?" என்று மட்டும் கேட்பார். முதல் நாளே அக்கா இதைக் கவனித்துவிட்டார்.

பெரியவர்கள் தலையை ஆட்டிவிட்டு ஏறிவிடலாம். வாயாடியின் வாயை என்ன செய்வது? அக்கா அவளை முன்னே நிறுத்தி, தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டு பாடம் சொன்னார்.

"யார் கேட்டாலும் நாம உள்ள இருக்கிற ஹோட்டல்லதான் தங்கியிருக்கோம். புரியுதா?"

"நாம டயர் கடை மேலதானே இருக்கோம், பெரியம்மா?"

"அது நமக்குத் தெரியும். அவங்களுக்கு எதுக்கு? மேல ஏதாவது கேட்டா சிரிச்சுடு."

"திரும்பக் கேட்டா?"

"திரும்பவும் அதேதான். எத்தனை தடவை கேட்டாலும் ஹோட்டல்தான்."

தங்கை முகத்தைச் சுளித்தாள். ஆனால் அக்காவை எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. பேருந்தில் ஓட்டுநர் கேட்டபோது, யாரும் வாய் திறப்பதற்கு முன்னால் "ஹோட்டல்" என்று சிறுமி உரக்கச் சொன்னாள். பெரியம்மா அவள் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டார்.

இரண்டாம் நாள் மாலையில் சின்னவனுக்கு உடம்பு கதகதவென்றிருந்தது. பெற்றோர் அவனைத் தூக்கிக்கொண்டு முன்னதாகவே அறைக்குத் திரும்பினார்கள். பொம்மைகளின் அணிவகுப்பைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று வாயாடி ஒற்றைக் காலில் நின்றதால் அக்கா அவளோடு தங்கினார்.

"பத்திரமா கூட்டிட்டு வா அக்கா" என்றாள் தங்கை.

"நீ பிறந்தப்பவே உன்னை இடுப்புல வச்சுச் சுமந்தவடி நான். போ."

அணிவகுப்பு நெருங்கியபோது கூட்டம் முன்னால் முண்டியது. அக்காவின் தோள்பை நழுவியது. அதைப் பிடிப்பதற்காகச் சிறுமியின் கையை விட்டார். பையைத் தோளில் ஏற்றிவிட்டுக் கையை நீட்டினார். நீட்டிய கைக்கு எதுவும் அகப்படவில்லை.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. "ஏய் வாயாடி" என்று அதட்டலாகக் கூப்பிட்டார். இரண்டாம் முறை கூப்பிட்டபோது அதட்டல் போய்விட்டது. அதன்பின் அவர் கூப்பிட்டது தமக்கே கேட்கவில்லை. பறையும் ஊதுகுழலும் அதை விழுங்கிவிட்டன. மஞ்சள் கவுன், மஞ்சள் தொப்பி. எங்கே பார்த்தாலும் மஞ்சளாகவே தெரிந்தது. ஒரு குழந்தையைத் தோளில் தொட்டுத் திருப்பினார். அது வேறு குழந்தை. அதன் தாய் அவரைப் பார்த்த பார்வையில் அவருக்கு உடல் கூசியது. உணவுக்கடைகளின் பின்புறம், கழிவறைகள், படகுத்துறை. படகுத்துறையில் தண்ணீரையும் குனிந்து பார்த்தார்.

யாரோ ஒருவர் கைகாட்டி, தவறிய குழந்தைகளைச் சேர்க்கும் அறைக்கு அவரை அனுப்பினார். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த இளம்பெண் விவரத்தைக் கேட்டதுமே முகம் மலர்ந்தாள்.

"மஞ்சள் தொப்பிதானே? ரொம்பச் சமத்துங்க. அழவே இல்லை. ஹோட்டல்ல இருக்கோம், ரூம் பன்னிரண்டுன்னு பளிச்சுன்னு சொன்னா. காவலர் அம்மாவோட வண்டியில அனுப்பிட்டோம். இந்நேரம் உங்க ரூம்ல இருப்பா, போங்க."

அக்காவுக்கு வந்த உயிர் அப்படியே திரும்பிப் போயிற்று. பன்னிரண்டு டயர் கடை மாடியின் எண். ஹோட்டலின் பன்னிரண்டாம் அறையில் இருப்பது யார்?

உண்மையைச் சொல்லிவிட அவர் வாயெடுத்தார். சொன்னால் யார், என்ன, ஏன் என்று விசாரிப்பார்கள். விசாரித்து முடிவதற்குள் அங்கே என்னவெல்லாம் நடக்குமோ. "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயிலை நோக்கி ஓடினார். ஹோட்டல் பேருந்து புறப்படும் நிலையில் நின்றது.

"ஹோட்டலா?" என்றார் ஓட்டுநர்.

"ஹோட்டல்" என்றார் அக்கா.

அந்தப் பேருந்து ஒருநாளும் அவ்வளவு மெதுவாகப் போனதில்லை என்று பிற்பாடு அவர் சொல்வதுண்டு. பாதி வழியில் கைப்பேசி ஒலித்தது. தங்கை.

"எங்க வர்றீங்க அக்கா? இருட்டப் போகுது."

"பஸ்ல இருக்கோம்."

"வாயாடி சத்தத்தையே காணோம்?"

அக்கா பக்கத்துக் காலி இருக்கையைப் பார்த்தார். "தூங்குறா" என்றார்.

டயர் கடை முனையில் பேருந்து நின்றது. மாடி ஜன்னலில் தங்கை சின்னவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு, சாலையையே பார்த்தபடி நின்றாள். அக்கா இருக்கையில் தலையைத் தாழ்த்திக்கொண்டார். இருவர் இறங்கினார்கள். கதவு மூடிக்கொண்டது. பேருந்து நகர்ந்தபோது தங்கையின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

ஹோட்டல் வரவேற்பில் இருந்த இளைஞன் கணினியைத் தட்டிப் பார்த்தான். "பன்னிரண்டா? அங்க ஒருத்தர் தனியாத்தானே தங்கியிருக்கார். நீங்க யாரும்மா?"

அக்கா பதில் சொல்ல நிற்கவில்லை. காலடி ஓசையை விழுங்கும் கம்பளம் விரித்த நீண்ட நடை அது. பன்னிரண்டாம் எண் கதவை இரு கைகளாலும் அறைந்தார். ஈரத் தலையோடு, தோளில் துவாலை போட்ட பருத்த மனிதர் ஒருவர் திறந்தார். அவருக்குப் பின்னால், கட்டில்மேல், அந்த மஞ்சள் தொப்பி கிடந்தது.

அக்கா அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். குளியலறைக் கதவைத் திறந்தார். உள்ளே நீராவிதான் இருந்தது. திரைச்சீலையை விலக்கினார். ஏரி தெரிந்தது.

"எங்கே? குழந்தை எங்கே?"

"ஏங்க, கொஞ்சம் நில்லுங்க" என்றார் அந்த மனிதர், பயந்துபோய். "காவலர் அம்மா கூட்டிட்டு வந்தாங்க. என் பொண்ணு இல்லைன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். அது என்னடான்னா உள்ள வந்து உக்காந்துக்கிட்டு, இதுதான் எங்க ரூமுன்னு சாதிக்குது. கடைசியில மேலாளர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. தொப்பியை விட்டுட்டுப் போச்சு, எடுத்துக்கங்க."

மேலாளர் நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய அம்மையார். அவர் அறையின் பெரிய நாற்காலியில், கால் தரைக்கு எட்டாமல், வாயாடி உட்கார்ந்திருந்தாள். உதடுகளை உள்ளே மடித்துக் கடித்திருந்தாள். அக்கா பாய்ந்து போனபோது காவலர் குறுக்கே கையை நீட்டினார்.

"இருங்கம்மா" என்றார் மேலாளர். பிறகு சிறுமியிடம் திரும்பி, "இவங்க யாரு, கண்ணு?" என்று கேட்டார்.

"பெரியம்மா."

"நீங்க எங்க தங்கியிருக்கீங்க?"

"இந்த ஹோட்டல்ல."

"அந்த ரூம்ல வேற மாமா இருக்காரே?"

சிறுமி சிரித்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நிற்க, சொல்லிக்கொடுத்தபடி, பல் தெரியச் சிரித்தாள். அக்கா மேலாளரின் பக்கம் திரும்பினார்.

"நாங்க இங்க தங்கலீங்க. வெளிய, டயர் கடை மாடியில இருக்கோம்."

"குழந்தை இங்கதான்னு சொல்லுது, நீங்க இல்லேங்கிறீங்க. ரெண்டு பேரும் ரெண்டு கதை சொன்னா நான் எப்படிங்க குழந்தையைக் கொடுக்கிறது?"

"நான்தாங்க அப்படிச் சொல்லச் சொன்னேன். பஸ்ஸுக்காக."

மேலாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

அக்கா மண்டியிட்டுச் சிறுமியின் முகத்துக்கு நேராகத் தம் முகத்தை வைத்துக்கொண்டார். "பாப்பா, அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடு."

வாயாடி அவரைக் குழப்பத்தோடு பார்த்தாள். "எது பெரியம்மா? நீங்க சொன்ன உண்மையா, நெஜமா இருக்கிறதா?"

"பெத்தவங்க நம்பரைக் கொடுங்க" என்றார் மேலாளர்.

தொலைபேசியில் அவர் பேசியது அக்காவுக்குத் தெளிவாகவே கேட்டது. மறுமுனையில் தங்கை முதலில் நம்பவில்லை. "என் பொண்ணு எங்க அக்காகூட பஸ்ல வந்துக்கிட்டிருக்காங்க. தூங்கிட்டாளாம்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு எதிர்முனையில் ஓர் அலறல்.

வாடகை வண்டி பிடித்து அவர்கள் வந்து சேரும்வரை அக்கா சுவரோரம் நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. சிறுமியின் பக்கம் போக அவருக்கு அனுமதி இல்லை. காவலர் கொடுத்த பிஸ்கட்டைச் சிறுமி கையிலேயே வைத்திருந்தாள். சாப்பிடலாமா என்று பெரியம்மாவைக் கண்ணால் கேட்டாள். அக்கா தலையசைத்த பிறகுதான் கடித்தாள்.

தங்கை உள்ளே வந்து மகளை வாரியெடுத்து, தலை முதல் கால்வரை தடவிப் பார்த்தாள். கத்தவில்லை. கணவர் அடையாள அட்டையை நீட்டிக் கையெழுத்திட்டார். வெளியே வந்து வண்டியில் ஏறும்போதுதான் அவள் பேசினாள்.

"தூங்குறான்னு சொன்னியே, அக்கா."

மறுநாள் காலையிலேயே அவர்கள் ஊர் திரும்பினார்கள்.

அடுத்த ஆண்டு வருவதற்குள் தங்கையின் மனம் ஆறிவிட்டது. கடைக்குப் போகும்போது, "கொஞ்ச நேரம் இவளைப் பார்த்துக்கோ அக்கா" என்று பழையபடி கேட்டாள். அக்காதான் மறுத்தார். இன்னொருவர் உடனில்லாமல் அந்தச் சிறுமியோடு அவர் தெருவில் கால் வைத்ததில்லை. ஒருமுறை தட்ட முடியாமல் ஒப்புக்கொண்டு, தங்கை திரும்பும்வரை கதவைத் தாழிட்டு, அதன்மேல் முதுகை வைத்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். "என்ன பெரியம்மா, என்னைக் காவல் காக்குறீங்களா, கதவையா?" என்று வாயாடி சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

பள்ளி விட்டு, பிறகு கல்லூரி விட்டு அவள் வீடு வந்து சேரும் நேரத்தில் நாள்தோறும் தங்கைக்கு அழைப்பு வரும். பணி ஓய்வுக்குப் பின்னும் அது நிற்கவில்லை. "வந்துட்டாளா?" என்று கேட்பார். "வந்துட்டா" என்று தங்கை சொன்னால் அது அவருக்குப் போதாது. தொலைபேசியில் ஒரு சொல்லைச் சொல்லி நம்பவைப்பது எவ்வளவு எளிது என்பதை அவர் அறிந்திருந்தார்.

"கூப்பிடு, பேசட்டும்" என்பார்.

"அக்கா, அவளுக்கு ஓட்டுப் போடுற வயசு வந்தாச்சு."

"இருக்கட்டும். ஒரு வார்த்தை பேசட்டும்."

"வீட்லதான் இருக்கேன் பெரியம்மா" என்று அந்தப் பக்கத்திலிருந்து வாயாடியின் குரல் வந்த பிறகே அவர் கைப்பேசியைக் கீழே வைப்பார். இவ்வாறு அவர் கடைசியாக அழைத்துக் கேட்டது 2021 மார்ச் 9, செவ்வாய்க்கிழமை.