நான் அக்காவான வருஷம்

எனக்குப் பதினாலு வயது நடக்கும்போது ஒரே நாளில் ஒரு தங்கையும் ஒரு தம்பியும் வந்தார்கள். தங்கைக்கு எட்டு வயது, தம்பிக்கு நாலரை.

நாங்கள் அப்போது மஸ்கட்டில் இருந்தோம். அப்பாவுக்கு அங்கே ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலை. நான் பிறந்ததும் அங்கேதான். எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "பிள்ளைங்களத் தத்து எடுக்கலாம்னு நெனைக்கோம். நீ என்ன சொல்லுத?"

உடனே சரி என்றேன். தொட்டிலில் கிடக்கிற ஒரு குழந்தையைத்தான் மனதில் நினைத்திருந்தேன். விண்ணப்பம், விசாரணை, வீட்டைப் பார்க்க வந்த அதிகாரி என்று இரண்டு வருஷம் ஓடியது. கடைசியில் தகவல் வந்தது எங்கள் சொந்த ஊர்ப் பக்கத்துக் காப்பகம் ஒன்றிலிருந்தே. அக்கா தம்பி இரண்டு பேர், பிரிக்கக் கூடாது.

கோடை விடுமுறையில் பாளையங்கோட்டைக்கு வந்து வாடகைக்கு வீடு எடுத்தோம். காப்பகத்துக்குப் போன அன்று, தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தபடி அவள் வந்தாள். அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னிடம் கேட்டாள்: "நீயும் புதுசா?"

"இல்ல, நான் பழசு" என்றேன். அம்மா சிரித்துவிட்டாள். அவள் சிரிக்கவில்லை.

பாஸ்போர்ட் வரும்வரை அந்த வீட்டில் இருந்தோம். தம்பியைக் குளிப்பாட்டுவது, தலை துவட்டுவது, ஊட்டுவது எல்லாம் அவள்தான். அம்மா தட்டைக் கையில் எடுத்தால், "வேண்டாம் டீச்சர், குழம்பு கூடினா துப்பிருவான். நானே பாத்துக்கிடுதேன்" என்பாள். காப்பகத்தில் பெரியவர்கள் எல்லாரையும் அவர்கள் டீச்சர் என்றுதான் கூப்பிட்டுப் பழகியிருந்தார்கள்.

மஸ்கட் போனதும் என் அறை மூன்று பேருடைய அறை ஆனது. தம்பி ஒரு மாதத்திலேயே "அம்மா" என்று கூப்பிட ஆரம்பித்து, அம்மா இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்றான். என் பள்ளி ஆண்டு விழாவன்று அவனுக்குக் காய்ச்சல். அம்மா வரவில்லை. மேடையிலிருந்து காலியான ஒரு நாற்காலியைப் பார்த்துக்கொண்டே ஆடினேன்.

தங்கை வேறு மாதிரி. யாரும் சொல்லாமலே வேலை செய்வாள். படுக்கையை மடிப்பாள், செருப்புகளை வரிசையாக வைப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை என் புத்தகப் பை அழுக்காக இருக்கிறதென்று துவைத்துவிட்டாள். புத்தகங்களை எல்லாம் பத்திரமாக வெளியே எடுத்து வைத்தவள், பையின் பின்பக்க உறைக்குள் இருந்த உயிரியல் ரெக்கார்டு நோட்டைக் கவனிக்கவில்லை. ஒரு வருஷப் படங்கள். மை கரைந்து பக்கங்கள் ஒட்டிக்கிடந்தன.

"இப்படியே செஞ்சா ஒன்னையும் ஒன் தம்பியையும் திருப்பி அனுப்பிருவாங்க, பாத்துக்கோ" என்று கத்தினேன்.

அவள் பையைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

மறுநாள் காலை தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். வாசற்கதவுப் பக்கம் இரண்டு பேரும் நின்றார்கள். காப்பகத்திலிருந்து வந்த அன்றைக்குப் போட்டிருந்த அதே உடுப்பு. அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. தம்பி தூக்கக் கலக்கத்தில் கதவில் சாய்ந்திருந்தான்.

"எங்க போறீங்க?"

"யக்கா, இங்கன இருந்து பாளையங்கோட்டைக்கு எத்தனாம் நம்பர் பஸ்?" என்றாள். பிறகு பைய, அவனுக்குக் கேட்காமல்: "நீங்க அனுப்புததுக்கு முன்னாடி நாங்களே போயிருதோம். யாராச்சும் வந்து கூட்டிட்டுப் போனா இவன் ரொம்ப அழுவான்."

ஓடிப்போய் அம்மாவை எழுப்பினேன். முந்தின நாள் என்ன சொன்னேன் என்பதை ஒரு வார்த்தை விடாமல் நானே சொன்னேன். அம்மா என்னை ஏசவில்லை. வந்து கதவுப் பக்கம் தரையில் உட்கார்ந்தாள். "பீரோவுல பாஸ்போர்ட்டெல்லாம் இருக்கு, எடுத்துட்டு வா" என்றாள்.

என்னுடையதையும் தங்கையுடையதையும் கடைசிப் பக்கத்தில் விரித்து வைத்து, "வாசி" என்றாள் அம்மா.

தங்கை ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தாள். அப்பா பெயர், அம்மா பெயர். என்னுடையதில் பார்த்தாள், தன்னுடையதில் பார்த்தாள். தம்பியுடையதையும் கேட்டு வாங்கிப் பார்த்தாள்.

"மூணுலயும் ஒண்ணுதான் போட்டிருக்கு."

"ஆமா."

"மாத்தி எழுதிருவாங்களா?"

"மாத்த மாட்டோம். யாரையும் மாத்த விடவும் மாட்டோம்" என்றாள் அம்மா.

தங்கை என் பக்கம் திரும்பினாள். "அப்பம் அந்த நோட்டு?"

"நான் எழுதுதேன். நீ படம் வரஞ்சு தா" என்றேன். நான் அவள் பேச்சு மாதிரியே 'எழுதுதேன்' என்று சொன்னதைக் கேட்டு முதல்தடவையாகச் சிரித்தாள்.

இரண்டு வாரம் உட்கார்ந்தோம். அவள் வரைந்த இதயமும் செம்பருத்தியும் என்னுடையதைவிட எவ்வளவோ நன்றாக இருந்தன. பள்ளியில் டீச்சர், "யார் வரைந்தது?" என்று கேட்டார்கள். "என் தங்கச்சி" என்றேன். வெளியாளிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்காக எல்லாம் அன்றே சரியாகிவிடவில்லை. சண்டை வந்தது, நாள்கணக்கில் பேசாமல் இருந்தோம். அம்மாவை அவள் டீச்சர் என்றே கூப்பிட்டாள். கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் குளியலறைக்குள்ளிருந்து, "அம்மா, துண்டு!" என்று சத்தம் கேட்டது. அம்மா துண்டை எடுத்துக்கொண்டு போனவள் கதவுக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். உள்ளேயிருந்து மறுபடியும் சத்தம் வரவே, நான் துண்டை வாங்கி நீட்டினேன்.

இப்போது நான் பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறேன். போன மே மாதம் எல்லாரும் ஊருக்கு வந்திருந்தபோது, காப்பகத்துக்குப் போகவேண்டும் என்று தங்கையே கேட்டாள். நாங்கள் மூன்று பேரும் டவுன் பஸ்ஸில் போனோம். தான் வரைந்த படங்களையும் கலர் பென்சில்களையும் அங்கிருந்த பிள்ளைகளுக்குக் கொண்டுபோயிருந்தாள். ஒரு சின்னப் பெண் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "யக்கா, புது வீட்டுக்குப் போனா பயமா இருக்குமா?" என்று கேட்டாள்.

"மொதல்ல இருக்கும்" என்றாள் தங்கை. "பொறவு சண்ட போடுவே. பொறவு சரியாயிரும்."

வெளியே வந்ததும் பசிக்கிறது என்றாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் புரோட்டா சாப்பிட்டோம். சால்னா காரமென்று தம்பி கத்தினான். மணி ஆகிவிட்டது, வீட்டுக்கு வாங்க என்று அம்மா போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.