இரண்டாம் வகுப்புக்கு எந்தச் சொல்

ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு நானும் என் தோழியும் விருத்தாசலத்தில் ஆலோசனை நிலையம் ஒன்று நடத்தினோம். செல்போன் எங்கள் ஊரில் பரவிக்கொண்டிருந்த காலம். எந்த வகுப்புப் பிள்ளைக்கு எந்தச் சொற்களைப் படிக்கக் கொடுக்கலாம் என்று தனியார் பள்ளிகளுக்கு வகுத்துத் தருவதுதான் எங்கள் தொழில். “இதுக்கெல்லாமா ஆளு வெப்பாங்க?” என்று தெரிந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளி. அதன் தாளாளர் இரண்டாம் வகுப்பு வாசிப்புச் சொற்களைப் பெருமையாகக் காட்டினார். விஞ்ஞானம், சுதந்திரம், பிரம்மாண்டம்.

“எங்க புள்ளைங்க கடகடன்னு படிச்சிடுங்க மேடம்.”

படிக்கத்தான் படித்தார்கள். அதே சொற்களை வரிசை மாற்றிக் கரும்பலகையில் எழுதினேன். வகுப்பு பழைய வரிசையிலேயே முழங்கியது. தாளாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நாங்கள் பேச்சுக் கொடுத்தோம். பலருடைய அப்பாவோ அம்மாவோ டவுனில் பீங்கான் பொம்மை செய்யும் இடத்தில் வேலை பார்த்தார்கள். சூளை, அச்சு, பீங்கான் எல்லாம் அந்தப் பிள்ளைகள் வாயில் தினமும் புழங்கும் சொற்கள். வேறு ஊரில் நான்காம் வகுப்பில் வைத்திருந்த ‘பீங்கான்’ இங்கே இரண்டாம் வகுப்புக்கு வந்தது. ‘பிரம்மாண்டம்’ ஐந்தாம் வகுப்புக்குப் போனது.

சில மாதம் கழித்துப் பெற்றோர் கூட்டம். ஒரு சிறுமியின் அப்பா எழுந்தார். சட்டையில் வெள்ளை மண் காய்ந்திருந்தது.

“மொதல்ல பெரிய பெரிய வார்த்தையா இருந்துச்சுங்க. இப்ப சூளை, அச்சுன்னு இருக்குது. எங்க பொழப்பத்தான் எம் பொண்ணும் படிக்கணுமா?”

நியாயமான கோபம். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

“தெரிஞ்ச வார்த்தையில படிக்கக் கத்துக்கிட்டா தெரியாததையும் படிச்சிடுவாங்க. அவ இதுவரைக்கும் பாக்காதது ஏதாவது குடுங்க, பாப்போம்” என்றேன்.

பக்கத்தில் தாளாளர் இருமினார். அவர் பயம் அவருக்கு. அந்த அப்பா பஸ் ஸ்டாண்டில் யாரோ கையில் திணித்த நோட்டீஸை எடுத்துப் பக்கத்தில் நின்ற மகளிடம் நீட்டினார்.

“இலவச… கண்…” என்று விரல் வைத்துப் படித்தாள். அடுத்த சொல்லில் நின்றாள். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. “சி… கிச்… சை. சிகிச்சை!” அடுத்ததையும் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அப்பா, முகாம்னா என்னா?”

மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளைக்கு இந்தக் கேள்வி வராது. அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். குனிந்து, “டாக்டருங்க நம்ம ஊருக்கே வந்து பாப்பாங்கம்மா, அதான்” என்றார்.

தாளாளர் மூன்றாம் வகுப்புப் புத்தகங்களைத் தாமே தூக்கிவந்து என் முன்னால் வைத்தார். கிளம்பும்போது அந்த அப்பா பள்ளி வாசலில் நின்றிருந்தார்.

“இவ அக்கா அஞ்சாவது படிக்கிறா. அவளையும் ஒரு தடவ பாக்குறீங்களா மேடம்?”

“கூப்பிடுங்க, இப்பவே பாத்துடலாம்” என்று பையை மறுபடி இறக்கி வைத்தேன்.