பதில் வர எடுத்த நேரம்

எனக்குக் கல்யாணம் பேசிய காலத்தில், புளியங்கூடலில் இருந்த எங்களுக்கு வெளிநாட்டில் ஒருவரோடு பேசுவதென்றால் அது ஒரு நாள் வேலை. சண்டை உக்கிரமாக நடந்த வருடங்களில் அதுவும் இல்லை. கடிதம் போய்ச் சேருவதற்குள் எழுதிய சங்கதி பழசாகிவிடும். சமாதான காலத்தில் கொழும்புக்குப் பாதை திறந்த பிறகுதான் யாழ்ப்பாணப் பட்டினத்தில் நெற் கஃபேக்கள் முளைத்தன. உலகம் எப்போதோ பார்த்துவிட்ட இன்ரநெற்றை நாங்கள் அப்போதுதான் பார்த்தோம், அதுவும் பஸ் ஏறிப் போய்.

மாப்பிள்ளை பாரிசில். வந்து பொம்பிளை பார்க்க அவருக்கு விசா சரிவரவில்லை. "நெற்றில பாப்பம், முகம் தெரியுமாம்" என்று தீர்மானித்தவர் என் தாய்மாமன். அப்பா இல்லாத வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். பஞ்சாங்கம் புரட்டி, இராகு காலம் விலக்கி நேரம் குறித்தார். அந்த நல்ல நேரத்தில் பாரிசில் விடிந்தே இருக்காது என்பது அவருக்குப் பொருட்டில்லை. எனக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. ஆனால் நான் சிரிக்கும் நிலையில் இல்லை. ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் குழம்பியிருந்தது. இதுவும் குழம்பினால் இனி ஒருவரும் கேட்டு வரமாட்டார்கள் என்று அம்மா என் காதுபடவே சொல்லியிருந்தார். படத்தில் பார்த்த அந்த முகம் எனக்குப் பிடித்தும் இருந்தது.

பட்டுச்சேலையோடு பஸ் ஏறி, பண்ணைப் பாலத்தில் ஆமியின் சோதனைக்கு இறங்கி நடந்து, வியர்த்து வழிந்து போய்ச் சேர்ந்தோம். அம்மா ஒரு தகரப் பேணி நிறையப் பயற்றம் பணியாரம் கொண்டு வந்திருந்தார். பொம்பிளை பார்க்கும் இடத்தில் பலகாரம் இல்லாமல் எப்படி? மாப்பிள்ளை தின்ன முடியாததைக் கடைக்காரர் தின்றார்.

திரையில் முகம் துண்டு துண்டாக வந்தது. முதலில் நெற்றி, கொஞ்சம் பொறுத்து மூக்கு. மாமா மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, குடிக்கிற பழக்கம் ஏதும் இருக்கோ?"

பதில் இல்லை. நாங்கள் மூச்சு விடாமல் இருந்தோம். பிறகுதான் "இல்லை மாமா" என்று வந்தது.

"வேலை நிரந்தரமோ?"

மறுபடியும் அதே மௌனம். பிறகு, "ஓம்."

மாமா மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினார். "யோசிச்சு யோசிச்சுச் சொல்லுறான். எதையோ ஒளிக்கிறான். இது சரிவராது, எழும்புங்கோ."

எங்கள் ஊரில் சம்பந்தம் பேசும்போது வாயை விட முகத்தைத்தான் பார்ப்பார்கள். கேட்ட கேள்விக்கு ஒருவர் தயங்கினால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. அம்மாவும் பேணியை மூடத் தொடங்கினார். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியாது, மாமாவின் கையிலிருந்து மைக்கைப் பறித்தேன்.

"ஏன் எல்லாத்துக்கும் இவ்வளவு நேரம் யோசிக்கிறீங்கள்?"

அவர் குரல் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. "நான் கேட்டவுடன சொல்லுறன். நீங்கள்தான் அங்கால சத்தமில்லாமல் இருக்கிறீங்கள். உமக்கு விருப்பமில்லையோ எண்டு எனக்குப் பயமாக் கிடக்கு."

தாமதம் லைனில்தான் இருந்தது. இரண்டு பக்கமும் அதை மனுசனின் தயக்கமென்று எண்ணியிருந்தோம்.

"எனக்கு விருப்பம்" என்றேன், மாமாவும் அம்மாவும் கடைக்காரரும் கேட்க. அந்தச் சொல் போய்ச் சேரும்வரை திரையில் அவர் முகம் அப்படியே, பயந்தபடி இருந்தது. பிறகு சிரித்தார். மாமா ஒரு பணியாரம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அது அவருடைய சம்மதம்.

பாரிசுக்கு வந்த பிறகு ஒவ்வொரு வருடமும் லைன் வேகமானது. சண்டை முடிந்த வருடம் அம்மாவுக்கு ஒரு கொம்பியூட்டர் வாங்கிக் கொடுத்தோம். பக்கத்து வீட்டு அக்கா வந்து போட்டுக் கொடுப்பார். குசினியில் பானை கொதிக்கும் சத்தம்கூட அப்படியே கேட்கும். "இனி இதெல்லாம் கைத்தொலைபேசிக்குள்ள வந்திடும். ஆளை முன்னால நிப்பாட்டினாலும் நிப்பாட்டுவாங்கள்" என்பார் என் கணவர். நிப்பாட்டட்டும். ஆள் உண்மை சொல்லுமா என்பதுதான் என் கேள்வி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா திரையில் மெலிந்து தெரிந்தார். பக்கத்து வீட்டு அக்கா அவருக்குப் பின்னால் நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, சுகமா இருக்கிறீங்களோ?"

பதில் வரவில்லை. பழக்கதோஷத்தில் நானும் காத்திருந்தேன். பானை கொதிக்கும் சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"ஓம் பிள்ளை, எனக்கென்ன, சுகம்தான்."

"அதைச் சொல்ல ஏன் இவ்வளவு நேரம்?"

"லைன் சரியில்லைப் பிள்ளை."

அந்தப் பதில் மட்டும் நான் கேட்டு முடிப்பதற்குள் வந்துவிட்டது. அடுத்த நாள் முதல் வேலையாக ஊருக்குப் பிளேன் ரிக்கெட் போட்டேன்.