இடது பக்கத்துப் பந்து

என் முன்பற்கள் இரண்டும் கட்டின பல். கல்லூரியில் ஹாக்கி ஆடும்போது பந்து வாயில் அடித்துச் சொந்தப் பற்கள் போயின. அதற்குப் பிறகும் ஆடினேன், ஆட்டத்தைக் காட்டித் திருவனந்தபுரத்தில் ஓர் ஆபீஸ் வேலையும் வாங்கினேன். பயம் மட்டும் போகவே இல்லை. மட்டையில் பந்து அறையும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் நாக்கு தானாகப் பல்லைத் தடவிப் பார்க்கும். இப்படிப்பட்டவளைப் போய், எழுபதுகளின் கடைசியில், பெண்கள் விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் கமிட்டியில் போட்டார்கள். பேருக்கு ஒரு பொம்பளை இருக்கட்டும் என்றுதான், வேறு ஒரு மண்ணும் இல்லை.

மற்ற இருவரும் ஆண்கள். ஒருவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர், இன்னொருவர் கல்லூரி டிரில் மாஸ்டர். நடுவில் நின்று கோல் போடுகிற சென்டர் ஃபார்வேர்டைத் தேர்ந்தெடுக்கப் போலீஸ்காரர் ஒரு முறை வைத்திருந்தார். மைதானத்தின் ஓரத்திலிருந்து கோலுக்குக் குறுக்கே பந்தை ஓங்கி அடிப்பார். பெண் ஓடிவந்து அதைக் கோலுக்குள் திருப்பிவிட வேண்டும். வலது ஓரத்திலிருந்து கொஞ்சம், இடது ஓரத்திலிருந்து கொஞ்சம். நானும் மாஸ்டரும் வலைக்குப் பின்னால் நின்று முகத்தைப் பார்க்க வேண்டும். பந்து வரும்போது கண்ணை மூடுகிறவள் வீட்டுக்குப் போகலாம். நல்ல வேளை, என் காலத்தில் இந்த மனிதர் கமிட்டியில் இல்லை.

வந்த பெண்களில் ஒருத்தி தமிழ்ப் பெண். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம், அப்பாவுக்குப் பழவங்காடியில் ஒரு ஹோட்டலில் மாவாட்டுகிற வேலை. நானும் தமிழ் என்று தெரிந்ததும் வந்து ஒட்டிக்கொண்டாள். "இதுல கிடைச்சா படிப்பும் சோறும் விடுதியிலக்கா. இல்லேன்னா படிப்பை நிப்பாட்டி ஊருல மாமனுக்குக் கெட்டிக் குடுத்திருவாங்க. அவனுக்கு முப்பது வயசு." ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

வலது பக்கத்துப் பந்துகளை எல்லாம் தட்டித் தட்டி உள்ளே போட்டாள். இடது பக்கத்துப் பந்துக்குத் தலையை முழுசாகத் திருப்பிப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். கடைசிப் பந்தில், அவள் கோல் பக்கம் முகத்தைத் திருப்பிய நொடியில், அது ஒரு மேட்டில் பட்டு எழும்பியது. இடது காதை உரசுகிற மாதிரி விர்ரென்று போனது. என் வாயிலிருந்து "ஐயோ" என்று வந்தேவிட்டது. அவள் இமைகூட அசைக்கவில்லை.

"இவளுக்குப் பேடியே இல்லல்லோ," என்றார் மாஸ்டர். போலீஸ்காரர் தூரத்திலிருந்தே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேடி, அதாவது பயம், இல்லாதவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். பந்து காதோரம் போனால் அவர்களுக்கும் தோள் ஒரு தடவை ஏறி இறங்கும். அது மனசு செய்கிற காரியம் இல்லை, உடம்பு செய்வது. இவளுக்குத் தோள் ஏறவில்லை. பந்து வேலியில் மோதிய சத்தம் கேட்டபிறகுதான் திரும்பினாள்.

இடைவேளையில் பெண்களுக்கு ஆரஞ்சுச் சுளை கொடுத்தார்கள். ஒரு சுளையை எடுத்துக்கொண்டு போய் அவளுடைய இடது பக்கத்தில் நின்றேன். கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி நீட்டினேன். அவள் நேரே பார்த்தபடி, "ஆரஞ்சு தீந்து போச்சா அக்கா?" என்றாள்.

என் கையிலிருந்து சுளை நழுவிக் கீழே விழுந்தது. அவள் குனிந்து பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கண்டுபிடித்தது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சின்னதுல இந்த இடது கண்ணுல கிட்டிப்புள் அடிச்சது. வெளிய ஒண்ணும் தெரியாது, பார்வை மட்டும் போச்சு. ஒரு கொழப்பமும் இல்லக்கா, நான் ஆடுவேன். அவங்ககிட்ட மட்டும் பறஞ்சிராதீங்க."

சொன்னால் அவளுக்கு முப்பது வயசு மாமன். சொல்லாவிட்டால் மிச்சமிருக்கிற ஒற்றைக் கண்ணைப் பந்துக்கு முன்னால் நானே கொண்டுபோய் நிறுத்துகிறேன். என் பல்லுக்காவது மாற்றுப் பல் கிடைத்தது. அந்த நேரத்தில் எனக்கு வந்த பயம், பல் போன அன்றைக்குக்கூட வரவில்லை.

கமிட்டி உட்கார்ந்ததும் "இவளை லெஃப்ட் அவுட் போடலாம்" என்றேன். இடது ஓரக் கோட்டை ஒட்டி ஓடுகிற இடம். அவளுக்கு இடப்பக்கத்தில் அந்தக் கோடு மட்டும்தான் இருக்கும். ஆளும் பந்தும் வருவதெல்லாம் பெரும்பாலும் வலப்பக்கத்திலிருந்துதான். காரணத்தை நான் சொல்லவில்லை. அந்த இடத்துக்கு ஆளே இல்லையே, இத்தனை வேகமாக ஓடுகிறவளை வேறெங்கே போட என்று பிடிவாதம் பிடித்தேன். போலீஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டார். முடிவில், இந்த அம்மாளோடு யார் மல்லுக்கட்டுவது என்று விட்டுவிட்டார்கள்.

இடம் கிடைத்தவள் எனக்கு நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். வந்து சண்டை பிடித்தாள்.

"என்னைய மூலைக்குத் தள்ளிட்டீங்கல்லா. மூலையில நின்னு எப்பக்கா கோல் அடிக்க?"

"மூலையில நின்னா கண்ணு மிஞ்சும். கோட்டை விட்டு நடுவுல வந்தேன்னு வை, அன்னைக்கே சார்மார்கிட்ட சொல்லிருவேன், கேட்டியா."

"சரி," என்றாள். அந்தச் சரியை நான் நம்பவில்லை.

விடுதிப் பெண்களின் முதல் ஆட்டத்துக்கு ஆபீஸில் லீவு போட்டுவிட்டுப் போய், அவள் ஓடுகிற கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டேன். முதல் பாதி முழுக்கக் கோட்டை ஒட்டியே ஓடினாள். என் மூச்சு கொஞ்சம் சீரானது. ஆட்டம் முடியப் போகிற சமயத்தில், எங்கள் சென்டர் ஃபார்வேர்டு பந்தை விட்டுவிட்டுத் தரையில் கிடந்தாள். கோலுக்கு முன்னால் ஒரே மட்டைக் கூட்டம். இவள் ஓரக் கோட்டிலிருந்து விலகினாள். தலையை இடமும் வலமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நேரே நடுவில் ஓடினாள். கோல்கீப்பர் மட்டையை ஓங்கிக்கொண்டு எதிரே பாய்ந்து வந்தாள், அதுவும் இடது பக்கமாக.

நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

ஏதோ மோதுகிற சத்தம் கேட்டது. பந்து பட்ட கோல் பலகையா, எலும்பா, தெரியவில்லை. பிறகு ஒரே கூச்சல். நாக்கு பல்லைத் தடவிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் யாரோ மூச்சு வாங்குவது கேட்டதும்தான் கண்ணைத் திறந்தேன். எதிரே நின்றாள். முகமெல்லாம் சேறு, இரண்டு கண்ணும் இருந்த இடத்தில் இருந்தன.

"அக்கா, என் கோலைக் கண்டீங்களா?"

"கண்டேன்," என்றேன். "கோட்டுக்குப் போ."