வெளியாள் போட்ட போல்ட்

அவளிடம் கார் ஓட்டப் படித்தவர்கள் எல்லோரும் அவளை 'பிரேக் டீச்சர்' என்றுதான் சொல்வார்கள். பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. இருபத்திரண்டு வருடத் தொழிலில் அதன்மேலிருந்து காலை எடுத்துவிட்டு அவள் நிம்மதியாக ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தது கிடையாது.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக்கு மேலே மோட்டார் அறையில் நின்றுகொண்டு, ஒரு கையால் சாப்பிட்டு மறு கையால் நட்டு முடுக்குகிற ஆள். வலது கையில் நரம்புத் தளர்ச்சி வந்து நடுக்கம் நிற்காமல் போனதும், கம்பெனி மரியாதையாகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அவருக்கு டம்ளரில் அரைக்கு மேல் ஊற்றக் கூடாது என்பது வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம்.

ஆனால் காருக்கு ஆயில் மாற்றுவதை மட்டும் அவர் விடவில்லை. கார் வாங்கிய நாளிலிருந்து அது அவர் வேலை. கார் கம்பெனி சர்வீஸ்காரன் துடைத்துக் கொடுப்பானே ஒழிய மாற்றிக் கொடுக்க மாட்டான் என்பது அவர் கட்சி. நாலு மாதத்துக்கு ஒருமுறை ஜாக்கி வைத்துத் தூக்கி, முட்டுக் கொடுத்து, பழைய போர்வையை விரித்துக் காருக்கு அடியில் போய்விடுவார். முன்பெல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இப்போது காலை முழுக்க ஆனது. ஸ்பேனர் தரையில் விழும் சத்தத்தைச் சமையலறையிலிருந்து எண்ணிக்கொண்டிருப்பாள். நான் முடுக்கட்டுமா என்று ஒரு தரம் கேட்டதற்கு, லைட்டை நேராகப் பிடித்தால் போதும் என்று பதில் வந்தது. அதற்கப்புறம் கேட்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, பல் டாக்டர் ஒருத்தி வண்டியை மெயின் ரோட்டில் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். திடீரென்று சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. பிரேக் டீச்சர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து, கையை நீட்டிச் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். இறங்கிக் குனிந்து பார்த்தால் காருக்கு அடியில் ஆயில் கொடகொடவென்று ஊற்றிக்கொண்டிருந்தது. ஆயிலை வடிக்கக் கழற்றிப் போடும் போல்ட்டைக் காணோம். அவர் அதை மாட்டி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

வண்டியைக் கட்டி இழுத்துக் கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டுபோனார்கள். சட்டையில் சுருக்கமே இல்லாத ஒரு சர்வீஸ் அட்வைசர் கீழே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தான்.

"மரை மொத்தமா போயிருக்கு மேடம். போல்ட்டைக் கோணலா வச்சு முடுக்கியிருக்காங்க. இன்னும் ரெண்டு நிமிஷம் ஓடியிருந்தா இன்ஜினே போயிருக்கும். யார் போட்டது?"

அவள் மேசைமேல் இருந்த பேனாவைப் பார்த்தாள்.

"வெளியில ஒருத்தர்."

"அந்தாள்கிட்ட இனிமே விடாதீங்க."

சரி என்று தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து டயர் பிரச்சினை என்று சொல்லிவிட்டாள். உண்மையைச் சொன்னால் அவர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் மறுபடியும் காருக்கு அடியில் போவார். அந்த வண்டியை நம்பித்தான் தினமும் யாராவது ஒருவர் பெற்ற பிள்ளை ஸ்டீயரிங் பிடிக்கிறது. இரண்டையும் மனசுக்குள் புரட்டிப் புரட்டி நாலு மாதத்தை ஓட்டினாள்.

அவர் ஆயில் டப்பாவையும் ஃபில்டரையும் வாங்கி வந்து கூடத்தில் வைத்த அன்று வேறு வழி தெரியாமல் ஒரு பொய்யைச் சொன்னாள். பயிற்சி வண்டிகளைக் கம்பெனியில்தான் சர்வீஸ் விட வேண்டும் என்று புதுச் சட்டம் போட்டிருக்கிறார்களாம். அவர் எந்தச் சட்டம் என்று கேட்கவில்லை. டப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், நானும் வரலாமா என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

அங்கே கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம்தான் வண்டிக்குச் சொந்தக்காரர்களுக்கு இடம். அவர் உட்காராமல் கண்ணாடியை ஒட்டி நின்றார். அந்தப் பக்கம் தூக்கி நிறுத்திய காரின் கீழே கையுறை போட்ட ஒருவன் ஆயிலை வடித்தான், துடைத்தான், போல்ட்டை மாட்டினான்.

"வாஷரை மாத்தலை. பழசையே போடறான்," என்றார்.

அவள் எழுந்துபோய் அட்வைசரிடம் சொன்னாள். அவன் சிரித்த முகமாக, அவர்களெல்லாம் பயிற்சி எடுத்தவர்கள், கவலையே வேண்டாம் என்றான். பிறகு பெரியவரைச் சமாதானப்படுத்தும் நல்லெண்ணத்தில் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினான்.

"பாருங்க சார், உங்க வண்டி ஹிஸ்டரியே இதுல இருக்கு. போன தடவை வெளியாள் போட்ட போல்ட் கழண்டு, மரை போய்த்தான் இங்க வந்துச்சு. நாங்கதான் சரி பண்ணினோம்."

எந்த பிரேக்கை மிதித்தாலும் நிற்காத இடத்துக்கு அந்தப் பேச்சு போய்விட்டிருந்தது.

அவர் திரையில் இருந்த தேதியைப் படித்தார். வலது கையை மெல்லச் சட்டைப் பைக்குள் விட முயன்றார்; பையின் வாய் அகப்படவில்லை. மூன்றாவது தடவைதான் கை உள்ளே போனது.

"வெளியாள்னு யார் சொன்னாங்க?"

"மேடம்தான் சார்."

"ஆமா," என்றார். "அந்தாளுக்குக் கை சரியில்ல. அவன்கிட்ட விடாதேன்னு நான் அப்பவே சொன்னேன்."

அட்வைசர் அதை ஒப்புக்கொண்டு, பில் எடுக்க உள்ளே போனான். அவள் அவர் முழங்கையைத் தொட்டாள். அவர் விலகவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காரை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் வழியில் வண்டியை ஓட்டியபடியே, ஏங்க என்று இரண்டு தடவை ஆரம்பித்தாள். சிக்னலில் பச்சை விழுந்தபோது வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்துபோனது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். இரண்டாம் முறையும் அணைந்தது.

"கிளட்சை மெதுவா விடு," என்றார் அவர், சாலையைப் பார்த்தபடி.

அதன் பிறகு கார் கம்பெனி சர்வீஸுக்கே போய்வருகிறது. அவர் கூட வருவதில்லை. கூடத்தில் இருந்த ஆயில் டப்பாவை மேல்வீட்டு வாடகைக் கார் டிரைவருக்குக் கொடுத்துவிட்டார். எப்படி மாற்றுவது என்று அவன் கேட்டதற்கு, கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னாராம்.