கந்தப்பளையில் எதற்கு ஃபேன்?

நனைந்த கம்பளி சூட்டில் காயும்போது ஒரு வாசம் வரும் பாருங்க... மழையில் கொழுந்தெடுத்துவிட்டு வரும் அம்மா, கம்பளியை அடுப்போரம் விரித்தால் எங்கள் லயத்துக் காம்பரா, அந்தச் சின்ன அறை முழுக்க அந்த வாசம்தான்.

அதே வாசம் ஒருநாள் எங்கள் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

ரெண்டாயிரத்துக்குப் பிந்திய வருஷங்கள். நுவரெலியா மலையில், கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். நான் டவுனில் ஒரு கம்யூனிகேஷன் கடையில் போட்டோகொப்பி அடித்துக்கொண்டிருந்தேன். கடையில் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தது. பக்கத்துக் காம்பரா ஜெயம், மரக்கறி லொறியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். ரெண்டு பேருக்கும் ஒரே பைத்தியம்... கிரிக்கெட் கேம்.

கம்யூனிகேஷன்காரர் பகல் சாப்பாட்டுக்குப் போகிற அரை மணித்தியாலம்தான் எங்கள் உலகக் கிண்ணம். பாதி மேட்ச்சில் மனுஷன் வந்து நிற்பார். ஒரு தொடரையாவது ஃபைனல் வரை ஆடி முடிக்க வேண்டும் என்பது தீராத ஆசையாகவே இருந்தது. அதற்காகத்தான் ஆளுக்குப் பாதி போட்டு, சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் பூட்டுவது என்று இறங்கினோம்.

பார்ட்ஸ் லிஸ்ட்டைப் பழைய கலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதினோம். எழுதியதைவிட வெட்டியதுதான் அதிகம். புது மதர்போர்ட், செகண்ட் ஹேண்ட் ஆனது. ஹார்ட் டிஸ்க் பாதியானது. ஸ்பீக்கர் போயே போய்விட்டது. காமென்ட்ரியைத் தானே சொல்வதாக ஜெயம் பொறுப்பெடுத்தான். விஜிஏ கார்டில் மட்டும் கைவைக்க விடவில்லை. திரைக்குப் படம் தருகிற அதுதான் கேமுக்கு உயிராம்.

நுவரெலியா கடையில் முதலாளி ரெண்டு கார்டு எடுத்து வைத்தார். ஒன்று புதுசு, ஆனால் நோஞ்சான். மற்றது பழசு, ஆனால் நல்ல பலசாலி... அதன் ஃபேன் மட்டும் சுற்றாது. அதற்கு வேறு ஃபேன் எடுப்பித்துத் தரலாம், கேசிங்குக்கும் ஒன்று போட்டால் நல்லது என்று அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, ஜெயம் என் காதுக்குள் கேட்டான்.

"தொரை பங்களாவுலயே ஃபேன் கெடையாது. நமக்கு எதுக்குடா?"

நியாயம்தானே? வருஷம் முழுக்கப் பனியில் நடுங்குகிற ஊரில் காசு கொடுத்துக் காற்று வாங்குவானா ஒருத்தன்! பழைய கார்டை எடுத்தோம். ரெண்டு ஃபேனையும் அட்டையில் கோடு போட்டு அடித்தோம். மிச்சத்துக்கு ஒரு ஜோடி ஜோய்ஸ்டிக்.

கம்ப்யூட்டர் வந்த அதே வாரம் ஜெயத்துக்குக் கட்டார் விசாவும் வந்தது. சந்தோஷப்படுவதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பத்து நாளில் பயணம். அதற்குள் ஒரு தொடரை முடித்தே தீருவது என்று உட்கார்ந்தோம்.

எங்கே முடிக்க... இருபது நிமிஷம் ஆடினால் திரையில் கோடு கோடாக வரும். அப்படியே செத்துப்போகும்.

கண்ணு பட்டுவிட்டது என்று அம்மா உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார். லயத்துக்கு வருகிற கரண்ட் பத்தவில்லை என்றான் ஜெயம். எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய் லயமே காலியான பிறகு, வெள்ளென ஆடிப் பார்த்தோம். அப்போதும் செத்தது. இப்படியே ஏழு நாள் போனது.

எட்டாம் நாள் நல்ல மழை. ஆடிக்கொண்டிருக்கும்போதுதான் அந்த வாசம்...

பெட்டிக்குக் குளிரும் ஈரமும் ஏறிவிடும் என்று கம்ப்யூட்டர் வந்த அன்றைக்கே அம்மா தன் பழைய கம்பளியைப் போர்த்திவிட்டிருந்தார், பாவம். நல்ல யோசனை என்று நாங்களும் விட்டுவிட்டோம். பெட்டியை அடுப்புச் சுவரோரம் வைத்த புத்திசாலிகளும் நாங்கள்தான். ஜெயம் மழை ஈரம் கோத்திருந்த கம்பளியை இழுத்துப் போட்டுப் பெட்டியின் தகட்டைத் தொட்டான். வெடுக்கென்று கையை எடுத்தான்.

"அடேய்... இதுல ரொட்டி சுடலாம்டா."

நுவரெலியா கடைக்கு ஃபோன் கோல் எடுத்தோம். முதலாளி சிரித்து முடிக்கவே ஒரு நிமிஷம் ஆனது. ஃபேன் கொழும்பிலிருந்து வர ஒரு வாரமாம். ஜெயத்துக்கு மிச்சம் இருந்தது ரெண்டே நாள்.

பெட்டியை நடுக் காம்பராவுக்கு இழுத்து, பக்கத் தகட்டைக் கழற்றினோம். வீசுவதற்கு விசிறி வேண்டுமே. எங்கள் லயத்தில் யார் வீட்டில் விசிறி இருக்கும்? கைக்குக் கிடைத்தது லிஸ்ட் எழுதிய அந்தக் கலண்டர் அட்டைதான். ஒருவன் ஆட, மற்றவன் வீச... சாகவில்லை! ஒரு மேட்ச் முழுசாக ஓடியது. அடுத்ததும் ஓடியது.

கடைசி நாள் பின்னேரம் ஃபைனல். ஜெயம் ஆட வேண்டிய முறை. ஜோய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தவன், என் பக்கம் தள்ளிவிட்டான்.

"நீ அடி. நான் வீசுறேன்."

கை மாற்றி மாற்றி வீசிக்கொண்டே காமென்ட்ரியும் சொன்னான். கடைசிப் பந்துக்கு நாலு ஓட்டம் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தூக்கினேன்... எல்லைக் கோட்டில் பிடித்துவிட்டார்கள். தோற்றுப்போனோம்.

மேட்ச் முடிந்துவிட்டது என்று நான் சொன்ன பிறகும் அவன் வீசிக்கொண்டே இருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அது மேட்ச்சுக்காக இல்லை என்று அவனுக்கும் தெரியும்.

மறுநாள் விடிய வேன் வந்தது. போய்விட்டான். அடுத்த வாரம் ஃபேன் வந்தது. பூட்டினேன், ஜோராகச் சுற்றியது. ஆனால் தனியாக ஆடப் பிடிக்கவில்லை.

இப்போது நான் கொழும்புப் பக்கம், வத்தளையில். போன வாரம் மகள் தன் கம்ப்யூட்டருக்குப் பார்ட்ஸ் தெரிவு செய்தாள். எல்லாம் போனிலேயே பார்த்து, ஓடர் பண்ணி, கூரியரில் வந்து இறங்கியது. லிஸ்ட்டின் முதல் வரியே ஃபேன்... ஆறு! ஒவ்வொன்றிலும் கலர் கலராக லைட் வேறு. பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமலே எந்தெந்த நாட்டுப் பிள்ளைகளோடோ ஆடுகிறாள். நல்லதுதான், குறை சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த அறைக்குள் போனால் கை என்னவோ சும்மா இருக்கிற மாதிரி இருக்கிறது.

அந்த ஃபேன்களை ஒரு போட்டோ எடுத்து ஜெயத்துக்கு அனுப்பினேன். இன்னமும் கட்டாரில்தான் இருக்கிறான். இன்றைக்குக் காலையில் வொய்ஸ் மெசேஜ் வந்தது. முதலில் கொஞ்ச நேரம் சிரிப்புச் சத்தம் மட்டும். பிறகு சொன்னான்.

"ஆறு ஃபேனா... அப்ப எனக்கு அங்க வேல இல்லடா."